அதிகாரி கடெட் தெரிவுக்குத் தயாராகிறேன்: திருகோணமலையில் இருந்து போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

உப்புவெளிப் பையன்

எல்லோருக்கும் வணக்கம். வயது 19. இந்த முறை உயர்தரம் கணிதப் பிரிவில் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறேன். கடற்படையில் அதிகாரி கடெட்டாக, அதாவது அதிகாரியாவதற்குப் பயிற்சி பெறுபவனாக, விண்ணப்பிக்க வேண்டும் என்பது என் விருப்பம். நேற்று வந்த ஆசை இல்லை. அப்பா மீன்பிடித் தொழில். சின்ன வயதில் அவரோடு உள்துறைமுக வீதியால் போகும்போது கப்பல்களைக் காட்டி ஒவ்வொன்றும் என்ன வகை என்று சொல்லித் தருவார். அன்றிலிருந்து மனதில் கிடக்கிறது.

என் நிலை இதுதான். 2.4 கிலோமீற்றர் ஓட 13 நிமிடம் 40 செக்கன் எடுக்கிறது. தண்டால் 18 வரை போகும், அதற்குமேல் கை நடுங்குகிறது. கடலில் நன்றாக நீந்துவேன், ஆனால் குளத்தில் முறையாகப் பழகவில்லை. ஆங்கிலம் வாசித்தால் விளங்கும், கதைக்கப் போனால் தொண்டை அடைக்கும். சிங்களம் சந்தையில் மீன் விற்கும் அளவுக்கு.

கேள்விகள் மூன்று. உடலை எப்படித் தயார்படுத்துவது? குழுச் சோதனையிலும் நேர்முகத்திலும் உண்மையில் என்ன பார்க்கிறார்கள்? மூன்றாவதுதான் பெரியது. வீட்டில் சொன்ன நாளிலிருந்து அம்மா என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. இன்றோடு நாலு நாள். இதை எப்படிக் கையாள்வது?

கோப்புக்காரன்

தம்பி, முதலில் விளம்பரத்தை வரிக்கு வரி வாசியுங்கள். வயதெல்லை, உயரம், நெஞ்சளவு, பார்வை எல்லாம் படைக்குப் படை, பிரிவுக்குப் பிரிவு வேறுபடும். ஒருவர் சொன்னதை நம்பி ஓடாதீர்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பாடசாலை விடுகைப் பத்திரம், கிராம சேவகர் சான்றிதழ், விளையாட்டுச் சான்றிதழ்கள் எல்லாவற்றின் மூலப்பிரதியையும் இப்போதே ஒரு கோப்பில் சேருங்கள். பிறப்புச் சான்றிதழில் பெயர் ஒரு மாதிரியும் அடையாள அட்டையில் வேறு மாதிரியும் இருந்தால் திருத்த மாதக்கணக்காகும். எங்கள் பக்கத்தில் இது நிறையப் பேருக்கு நடக்கிறது.

இன்னொன்று. 2023 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சு இராணுவத்தை 2030க்குள் 100,000 பேராகக் குறைக்கப் போவதாக அறிவித்தது. கடற்படைக்கு அந்த எண் பொருந்தாது. ஆனாலும் எந்தப் படையிலும் இடங்கள் தாராளமாகக் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். பல்கலைக்கழக விண்ணப்பத்தையும் போட்டு வையுங்கள்.

ஓர்ஸ்ஹில் அண்ணா

தம்பி, நான் இரண்டு முறை போனவன். எந்தப் படை, எந்த வருடம் என்று சொல்லப் போவதில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

முதல்முறை நான் நல்ல உடம்போடு போனேன். ஓட்டத்தில் எங்கள் குழுவில் இரண்டாவது. அடுத்த நாள் மைதானத்தில் ஆறு பேரை ஒன்றாக நிறுத்தினார்கள். தரையில் இரண்டு வெள்ளைக் கோடுகள். நடுவிலுள்ள இடம் தண்ணீர் ஓடும் ஆறு என்று வைத்துக்கொள், கால் படக்கூடாது. தந்தது ஒரு வெற்று எண்ணெய்ப் பரல், இரண்டு பலகை, ஒரு கயிறு. பரலையும் ஆறு பேரையும் அந்தப் பக்கம் சேர்க்க வேண்டும். நடுவில் ஒரு சின்ன மேடை, அதில் மட்டும் கால் வைக்கலாம். எந்தப் பலகையும் அந்த மேடைவரை எட்டாது. ஒரு சாண் குறையும். வேண்டுமென்றே அப்படி வெட்டியிருந்தார்கள்.

பார்த்த உடனேயே எனக்கு வழி தெரிந்துவிட்டது. இரண்டு பலகையையும் ஒன்றின்மேல் ஒன்று ஒரு முழம் ஏறும்படி வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டும். பின்பக்கத்தில் இரண்டு பேர் பாரமாக நிற்க வேண்டும். வள்ளத்தில் பலகை போட்டு இறங்கின எவனுக்கும் இது விளங்கும். ஆனால் மற்ற ஐந்து பேரும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் மனதுக்குள் வசனத்தைக் கட்டிக்கொண்டிருந்தேன். இறந்தகாலமா நிகழ்காலமா, வினைச்சொல் எங்கே வரும் என்று. வசனம் கட்டி முடிக்கும்போது நேரம் முடிந்துவிட்டது. பரல் எங்கள் பக்கத்திலேயே கிடந்தது.

பிறகு குறிப்புப் பலகையோடு நின்ற அதிகாரி என்னிடம் வந்து, "உனக்கு ஏதாவது யோசனை இருந்ததா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். இருந்தது என்று சொல்லி, கையால் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "அப்படியானால் ஏன் உன்னிடமே வைத்திருந்தாய்?" என்றார். கோபமில்லை, உண்மையான கேள்வி. அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டாம் முறை போகுமுன் நான் ஓட்டத்தைக் கூட்டவில்லை. வாயைத்தான் பழக்கினேன். அந்த முறை வேறு கணக்கு, அதே பலகை, அதே கயிறு. "ரோப் ஃபர்ஸ்ட். டை ஹியர். யூ ஹோல்ட், யூ கோ." இவ்வளவுதான் என் ஆங்கிலம். இலக்கணம் இல்லை. ஆனால் நாலு பேர் அசைந்தார்கள். பிறகு, பரலை உருட்டாமல் தூக்குவோம் என்று இன்னொருவன் சொன்னான். அது என் யோசனையைவிட நல்லது. உடனே "யெஸ், ஹிஸ் வே" என்றேன். அந்த மூன்று சொல்தான் என்னைக் காப்பாற்றியது என்று இன்றுவரை நம்புகிறேன். அடுத்தவன் சொன்னதை ஏற்பவனையும் அவர்கள் தேடுகிறார்கள்.

தெரிவானேன். ஆனால் போகவில்லை. கடைசி மருத்துவப் பரிசோதனையில் இடது செவிப்பறையில் பழைய ஓட்டை இருப்பது தெரிந்தது. சின்ன வயதில் காதில் சீழ் வடியும், எண்ணெய் காய்ச்சி ஊற்றி விட்டுவிடுவார்கள். எனக்கு நோவு இல்லை, கேட்பதிலும் குறை தெரியவில்லை. அதனால் ஒருநாளும் காட்டவில்லை. இரண்டு வருட உழைப்பு ஐந்து நிமிடத்தில் போனது. தம்பி, நீ கடலில் மூழ்கி வளர்ந்த பிள்ளை. ஓடத் தொடங்குமுன் காது, கண், பல், கால் நரம்பு எல்லாவற்றையும் வைத்தியரிடம் காட்டு. ஒளிப்பதற்கல்ல, நேரத்தோடு அறிவதற்கு.

கண் கிளினிக் அக்கா

ஓர்ஸ்ஹில் தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கண்ணைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். நிறப் புள்ளிகளுக்குள் இலக்கத்தை வாசிக்கச் சொல்லும் இஷிஹாரா அட்டை 1917இல் ஜப்பானில் வந்தது, இன்றும் அதுதான் பயன்படுகிறது. சிவப்பு பச்சை வேறுபாடு தெரியாத பையன்கள் பலருக்கு இருபது வயது வரைக்கும் அது தெரியாது, ஏனென்றால் அவர்கள் உலகத்தை அப்படித்தான் பார்த்துப் பழகியிருக்கிறார்கள். இது தாய்வழியாக வரும், ஆண்களுக்கே அதிகம். மருந்து இல்லை. கப்பலில் இடப்பக்க விளக்கு சிவப்பு, வலப்பக்க விளக்கு பச்சை. அதனால்தான் கடற்படை இதில் இறுக்கமாக நிற்கிறது. அட்டையைப் பாடமாக்கி ஏமாற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இரவில் கடலில் உங்களை நம்பி ஆட்கள் இருப்பார்கள்.

மைதான வாத்தியார்

தம்பி, நான் உடற்கல்வி ஆசிரியர். 13:40 என்பது தொடக்கத்துக்கு மோசமில்லை. 2.4 கிலோமீற்றர் என்பது 400 மீற்றர் சுற்றில் ஆறு. இந்தத் தூரம் சும்மா வந்ததல்ல. 1968இல் அமெரிக்க விமானப்படை வைத்தியர் கென்னத் கூப்பர் 12 நிமிட ஓட்டம் என்று ஒரு சோதனையை வெளியிட்டார், அதே வழியில் வந்த அளவு இது. உனக்கு நான் வைக்கும் முதல் இலக்கு 12 நிமிடத்துக்குள். பிறகு 11ஐ நோக்கிப் போகலாம்.

எங்கள் பையன்கள் செய்யும் பிழை ஒன்றுதான். விளம்பரம் வந்ததும் பழைய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு முதல் நாளே தார் ரோட்டில் எட்டுக் கிலோமீற்றர் ஓடுவார்கள். மூன்றாவது கிழமை முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு நோகத் தொடங்கும். பனடோல் போட்டுக்கொண்டு மேலும் ஓடுவார்கள். நேர்முகத்துக்கு நொண்டிக்கொண்டு போவார்கள். எலும்பு தசையைவிட மெதுவாகத்தான் பழகும். கிழமைக்கு நாலு நாள் போதும். இரண்டு நாள் கதைத்துக்கொண்டு ஓடக்கூடிய மெதுவான ஓட்டம், புல்லிலோ இறுகிய மணலிலோ. ஒரு நாள் மக்கெய்சர் மைதானத்தில் 400 மீற்றரை வேகமாக ஆறு தடவை, நடுவில் ஒன்றரை நிமிட ஓய்வு.

நாலாவது நாள் பிரெட்ரிக் கோட்டைக்கு வா. வாசலில் தொடங்கிக் கோணேசர் கோயில் ஏற்றம்வரை ஓடு, நடந்து இறங்கு, திரும்ப ஓடு. அந்த ஏற்றத்தில் முதல் கிழமை மான்கள்கூட உன்னைத் திரும்பிப் பார்க்கும். நாலாம் கிழமை உன் மூச்சின் சத்தமே உனக்குக் கேட்காது. கோயிலுக்கு வரும் சனத்துக்கு வழி விட்டு ஓடு. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் காலை ஆறரைக்கு மேல் ஓடாதே. அந்தக் காற்று வியர்வையையே தெரியவிடாமல் உறிஞ்சிவிடும்.

தண்டாலுக்கு ஒரு வழி: ஒரே மூச்சில் 18 என்று போகாமல், பத்துப் பத்தாக நாள் முழுக்க ஐந்து தடவை எடு. குளிக்கப் போகுமுன் பத்து, சாப்பிட முன் பத்து. இரண்டு மாதத்தில் 40 தாண்டும். சாப்பாட்டில் ஒன்றும் வாங்க வேண்டாம். அப்பா கொண்டுவரும் மீனும் சோறும் முட்டையும் போதும். டப்பாவில் விற்கும் மாவுக்குக் காசைக் கொட்டாதே.

கந்தளாய் நண்பன்

யூடியூப்பில் இந்தியாவின் எஸ்.எஸ்.பி. (அங்கே படை அதிகாரிகளைத் தெரியும் சபை) காணொளிகளைப் பார்த்துத்தான் நிறையப் பேர் தயாராகிறார்கள். அதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அங்கே ஐந்து நாள் நடைமுறை. 60 சொற்களைக் காட்டி ஒவ்வொன்றுக்கும் 15 செக்கனில் வசனம் எழுதச் சொல்வார்கள். படங்களைப் பார்த்துக் கதை எழுத வேண்டும், அதில் கடைசிப் படம் வெறும் வெள்ளைத் தாள். நம்முடையது அதே அச்சில் நடக்கும் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள்.

ஆனால் பலகையும் கயிறும் ஏன் என்று விளங்கினால் பயம் போய்விடும். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய இராணுவம் சின்ன நேர்முகத்தை வைத்து, குடும்பத்தையும் பள்ளிக்கூடத்தையும் பார்த்து அதிகாரிகளை எடுத்தது. எடுத்தவர்களில் பலர் பயிற்சியில் தோற்றுத் திரும்பினார்கள். அதனால் 1942இல் புதிய தெரிவுச் சபைகளை அமைத்தார்கள். அதில் வேலை செய்த வில்பிரட் பியோன் என்ற மனநல வைத்தியர், தலைவன் இல்லாத குழுவுக்கு ஒரு வேலையைக் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்று பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார். வேலை முடிந்ததா என்பதல்ல அவருடைய கேள்வி. தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்வதா, குழுவின் வேலையைப் பார்ப்பதா என்ற இழுபறியில் ஒருவன் எந்தப் பக்கம் சாய்கிறான் என்பதுதான். ஓர்ஸ்ஹில் அண்ணாவின் "யெஸ், ஹிஸ் வே" அதற்குள்தான் வருகிறது.

கடற்கரைக்கு அருகில் இருப்பவள்

நான் இங்கே எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

தம்பி, உன் அம்மா ஏன் கதைக்கவில்லை என்று கேட்டாய். 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, இந்த ஊர்க் கடற்கரையில், காந்தி சிலைக்குப் பக்கத்தில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். உன் வயதுப் பிள்ளைகள். குற்றம் சாட்டப்பட்ட பொலிஸ் விசேட அதிரடிப்படையினரை 2019இல் நீதிமன்றம் விடுதலை செய்தது, சாட்சியம் போதாது என்று. அந்த இரவு இந்த ஊரில் பிள்ளை வைத்திருந்த ஒவ்வொரு தாயும் வாசலில் நின்றாள். உன் அம்மாவும் நின்றிருப்பா. நீ அப்போது மடியில் இருந்தாயோ, பிறக்கவே இல்லையோ.

நான் உன்னைப் போகாதே என்று சொல்லவில்லை. உன்னுடைய உயிர், உன்னுடைய தெரிவு. ஆனால் அம்மாவின் மௌனத்தை ஒரு தடையாக, தாண்ட வேண்டிய வெள்ளைக் கோடாக நினைக்காதே. அவவுக்கு அந்தச் சீருடையைப் பார்த்தால் ஞாபகம் வருவது வேறு. அதைக் கேட்டுவிட்டு முடிவெடு.

கோப்புக்காரன்

அக்கா, நீங்கள் எழுதியது சரி. எழுதத்தான் வேண்டும்.

ஆனால் இன்னொரு உண்மையும் இருக்கிறது. சுதந்திர இலங்கையின் இராணுவத்துக்கு 1955இல் முதல் உள்நாட்டுத் தளபதியாக வந்தவர் அன்ரன் முத்துக்குமாரு, தமிழர். 1960இலிருந்து பத்து வருடம் கடற்படைக்குத் தளபதியாக இருந்தவர் ராஜன் கதிர்காமர், அவரும் தமிழர். முன்பு கடற்படைக் கடெட்டுகளை இங்கிலாந்தின் டார்ட்மத் கடற்படைக் கல்லூரிக்கு அனுப்புவார்கள். 1967இல் இங்கே திருகோணமலையிலேயே கடற்படை கல்விக்கூடம் தொடங்கியபோது தளபதி அவர்தான். இது தம்பிக்கு அந்நியமான வீடல்ல.

கடற்கரைக்கு அருகில் இருப்பவள்

எனக்கும் தெரியும் தம்பி. அந்த வீட்டின் கதவு அதற்குப் பிறகு எங்களுக்கு எப்படி மூடியது என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்துத்தான் அந்தப் பிள்ளை தூக்க வேண்டும்.

கிண்ணியாத் தாத்தா மகள்

மொழியைப் பற்றி எழுதுகிறேன், அதுதான் என்னால் உதவக்கூடியது. நான் அலுவலக வேலைக்காகச் சிங்களம் படித்தவள். அரசகரும மொழிகள் திணைக்களப் பாடநெறி எனக்கு இலக்கணம் தந்தது. நாக்கைத் தந்தது வேறு. தினமும் ஒரு பொருளை எடுப்பேன்: குடை, தேத்தண்ணிக் கோப்பை, சைக்கிள் பம்ப். அதைப் பற்றி இரண்டு நிமிடம் சத்தமாகச் சிங்களத்தில் சொல்வேன். சொல் தெரியாவிட்டால் நிறுத்தக்கூடாது, சுற்றி வளைத்தாவது சொல்ல வேண்டும். பம்புக்குச் சொல் தெரியாவிட்டால் "டயருக்குக் காற்று கொடுக்கும் சாமான்" என்று சொல்லிப் போக வேண்டும். அடுத்த நாள் அதையே ஆங்கிலத்தில். இரண்டாவது மாதம் அந்தத் தொண்டை அடைப்பு இல்லை.

தம்பி, அதிகாரிப் பயிற்சியில் ஆங்கிலம்தான் முக்கியம். ஆனால் நாளைக்கு உனக்குக் கீழே இருக்கப்போகும் சிப்பாய்க்கு வீட்டில் சாவு விழுந்தால் அவன் உன்னிடம் சிங்களத்தில்தான் அழுவான். அதற்காகவாவது படி.

நேர்முகத்தில் சொந்த ஊரைக் கேட்பார்கள் என்று என் மச்சான் சொன்னார், அவர் போனவர். கோணேசர் கோயில், வெந்நீரூற்று என்று நிறுத்திவிடாதே. துறைமுகத் தளத்தைப் பிரித்தானியர் 1957 ஒக்டோபர் 15இல் ஒப்படைத்தார்கள். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பான் விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கின. மகாவலி கடலில் சேர்வது கொட்டியாரக் குடாவில். சீனக்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கிகள், 2022 ஜனவரி ஒப்பந்தப்படி 61 கூட்டு நிறுவனத்துக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்திய நிறுவனத்துக்கு. இலக்கங்களை ஒப்புவிப்பதற்கல்ல. அடுத்த கேள்வி "அதைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய்" என்றுதான் வரும்.

உப்புவெளிப் பையன்

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுத மூன்று நாள் எடுத்தது, ஏனென்றால் முதலில் அம்மாவிடம் கேட்டேன். கடற்கரை அக்கா எழுதியதை அவவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா அழவில்லை. அந்த இரவு பற்றி ஒரு மணித்தியாலம் சொன்னா. எனக்கு 19 வயதாகிறது, இதுவரை ஒருநாளும் சொன்னதில்லை. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டா: "உன்னை இந்த ஊர் வீதியிலேயே நிறுத்தி, எங்கட பிள்ளையளை மறிக்கச் சொன்னால் என்ன செய்வாய்?"

எனக்குப் பதில் வரவில்லை. உண்மையாகவே வரவில்லை.

ஓர்ஸ்ஹில் அண்ணா

தம்பி, இரண்டாம் முறை நேர்முகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என்னிடம் கேட்டது கிட்டத்தட்ட இதுதான். "உன் ஊர் மக்களுக்கும் உனக்குக் கிடைக்கும் கட்டளைக்கும் நடுவில் நின்றால் என்ன செய்வாய்?" நான் நாட்டுக்காக எதையும் செய்வேன் என்று பாடமாக்கியதை எடுத்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். "அதைக் கேட்கவில்லை, என்ன செய்வாய்?"

அதனால் சொல்கிறேன். சபைக்குச் சொல்லும் பதிலை முதலில் அம்மாவுக்குச் சொல். அவ நம்பினால் அவர்களும் நம்புவார்கள். அவவுக்குச் சொல்ல முடியாத பதிலை அங்கேயும் சொல்லாதே.

உப்புவெளிப் பையன்

ஒரு கிழமை கழித்து எழுதுகிறேன். நேற்று இரவு சாப்பிடும்போது சொன்னேன். பஸ்ஸை மறிக்கச் சொன்னால் மறிப்பேன், அது வேலை. ஆனால் ஏறியதும் முதலில் என் பெயரைச் சொல்வேன், தமிழில் வணக்கம் சொல்வேன். எதற்காக மறித்தோம் என்று சொல்வேன். வயதானவர்களை இறக்க மாட்டேன். யாரையாவது கொண்டுபோனால் எங்கே, எப்போது, யார் கொண்டுபோனது என்று எழுதி வீட்டுக்காரர் கையில் கொடுப்பேன். யாரையும் அடிக்கச் சொன்னால் மாட்டேன் என்று சொல்வேன், அதற்கு என்ன தண்டனை வந்தாலும். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அம்மா சம்மதம் என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ஓர்ஸ்ஹில் பிள்ளை சொன்ன மாதிரி முதலில் போய்க் காதைக் காட்டு. உனக்கும் சின்னனில் சீழ் வடிஞ்சது" என்றா.

செவ்வாய் காலை கிளினிக். அம்மாவும் வருகிறா.

மைதான வாத்தியார்

அப்போ செவ்வாய் ஓட்டம் வேண்டாம். புதன் காலை 5.15, மக்கெய்சர் வாசல். இன்னும் மூன்று பையன்கள் வருகிறார்கள், ஒருவன் கந்தளாயில் இருந்து. சிங்களத்தில் கதைக்க ஆளும் ஆச்சு. இரண்டு பலகையும் கயிறும் நான் கொண்டுவருகிறேன்.